எம்.ஜி.பி. காரின் கிளட்ச், எஞ்சின் கோளாறுகள்: கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் உருவான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் பிளேட்டை மாற்ற எஞ்சினையே வெளியே தூக்கியாக வேண்டும் என்பதால், கோளாறு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்வது நல்லது.

இக்காரின் ரிவர்ஸ் கியருக்கு சின்க்ரோமெஷ் (பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைத்து உரசாமல் இணைக்கும் அமைப்பு) கிடையாது. பெடலை முழுவதும் மிதித்துச் சில நொடிகள் பொறுத்த பிறகும் ரிவர்ஸ் கறகறவென்று உரசி விழுந்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று கொள்ளலாம். பெடலின் அழுத்தத்தை பிரேக் ஆயில் வழியாக அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் மட்டத்தைப் பார்த்துவிட்டு, பெடலையும் அதன் புஷ் ராடையும் (தள்ளு தண்டு) இணைக்கும் பின்னைக் கழற்றிப் பாருங்கள். பின் தேய்ந்து, அதன் துளை நீள்வட்டமாகியிருந்தால் பெடலின் பயணத்தில் ஒரு பகுதி அங்கேயே வீணாகிவிடும். அடுத்து, ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் காருக்கு அடியில், அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராடைக் கவனிக்க வேண்டும். அது ஏறத்தாழ அரை அங்குலம் நகர வேண்டும். நகராவிட்டால் குழாயில் காற்று இருக்கலாம், அல்லது சீல் போயிருக்கலாம். ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கும்போது ஈரம் தென்பட்டால் சந்தேகமே வேண்டாம். சரியாக நகர்ந்தும் கியர் உரசினால்தான் எஞ்சினை இறக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வேகம் கூடாமல் எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பி அடைத்துக்கொண்டால் ஆயில் திரும்பி வராமல் கிளட்ச் அரைகுறையாக விடுபட்டே நிற்கும். வழுக்கும் நிலையில் ஸ்லேவின் பிளீட் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) தளர்த்தியதும் பிடிப்பு திரும்பினால், பழுது ஹோஸ் போன்ற வெளிப்பாகத்தில்தான்.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்பக்கப் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்னே தள்ளப்பட்டால் எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துள்ளன. பலரும் தவறவிடும் இந்தச் சோதனையைக் கார் வாங்கும் முன்பே செய்வது உத்தமம்.

எஞ்சின் திணறினால் எல்லோரும் முதலில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் எஸ்.யு. கார்புரேட்டரைத்தான் திருகுகிறார்கள், என் கணிப்பில் அதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். வால்வு இடைவெளியைச் சரிபார்த்த பின், எஞ்சின் சூடாக இருக்கும்போதே நான்கு பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் இணைப்பைத் துண்டித்து, திராட்டிலை முழுவதும் திறந்துவைத்துக் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளந்துகொள்ளுங்கள். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் மட்டும் அளவு சரிந்திருந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றில் மட்டும் குறைந்தால், அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்வு, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. கம்ப்ரஷன் நான்கிலும் சீராக இருந்து, சூடேறிய பிறகு மட்டும் எஞ்சின் விட்டுவிட்டு ஓடினால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள கண்டென்சரையும் ரோட்டர் ஆர்மையும் மாற்றிப் பார்த்த பிறகே கார்புரேட்டரில் கை வைக்கலாம்.