தொடர்மாடி கட்டும்போது விடும் பிழைகள்: கேற்றிலிருந்து குளியலறை வரை

“சாய்வு கொஞ்சம் கூடினால் என்ன அண்ணை, ரெண்டு பேர் பிடிச்சுத் தள்ளினா ஏறும்தானே.” யாழ்ப்பாணத்தில் கட்டட வேலை நடக்கிற இடத்தில் சக்கர நாற்காலிப் பேச்சை எடுத்தால் இந்த வசனம் வராமல் போகாது. சொல்கிற மேசனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் தூக்கிவிட ஆள் எப்போதும் இருக்கும் என்று அவர் நம்புகிறார். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதிகள், எந்த நாட்டு விதியாக இருந்தாலும், அந்த இரண்டு பேரைக் கணக்கில் எடுப்பதில்லை. வருகிறவர் தனியாக வருவார், தனியாகப் போவார், தன் குளியலறைக் கதவைத் தானே திறந்து தானே சாத்துவார் என்றுதான் ஒவ்வோர் அளவும் வைக்கப்பட்டிருக்கிறது. இதை மறந்தால் மற்றப் பிழைகள் எல்லாம் தானாக வந்துவிடும்.

திருநெல்வேலி, கொக்குவில், நல்லூர்ப் பக்கம் தொடர்மாடிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கென்று வாங்குகிறார்கள். போரில் காலை இழந்தவர்கள், நீரிழிவால் காலை எடுக்க வேண்டி வந்தவர்கள், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காதவர்கள் இல்லாத ஒழுங்கை இங்கே குறைவு. இந்த வீடுகள் யாருக்குத் தேவையோ அவர்களே உள்ளே போக முடியாதபடிதான் பல கட்டடங்கள் நிற்கின்றன.

தனி வீடென்றால் பிறகு சுவரை இடிக்கலாம், கதவை அகலமாக்கலாம். தொடர்மாடியில் அது நடக்காது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி நுழைவாயில், படிக்கட்டு, நடைபாதை, மின்தூக்கி எல்லாம் வீட்டுக்காரர் அத்தனை பேருக்கும் பொதுவானவை. ஒருவர் தனக்கு வேண்டுமென்று கை வைக்க முடியாது. உங்கள் வீட்டுக்குள்ளேயே குளியலறைத் தளத்தை இறக்க நினைத்தாலும், அது கீழ் வீட்டுக்காரரின் கூரை. ஆகவே இங்கே விடுகிற பிழை கட்டடம் இருக்கும் வரை இருக்கும்.

“அது ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும்தான்”

முதல் பிழை சட்டத்தைப் பற்றியது. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல், 28ஆம் இலக்கமாக வந்தது. அதன் கீழ் அணுகும் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாகின. சக்கர நாற்காலியில் இருந்தபடியே இதற்காக வழக்காடிய கலாநிதி அஜித் பெரேராவின் மனுவில், 2011 ஏப்ரல் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் இந்த விதிகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று கட்டளையிட்டது.

2006 விதிகள் பொதுக் கட்டடம், பொது இடம், பொதுச் சேவை கிடைக்கும் இடம் என்று பேசுவதால், “பிளட்ஸ் தனியார் சொத்து, எங்களுக்கில்லை” என்று பல கட்டுநர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்க முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. அதன் 9ஆம் உறுப்புரை அணுகும் வசதி வேண்டிய இடங்களைச் சொல்லும்போது பாடசாலை, மருத்துவ நிலையம், வேலைத்தலம் ஆகியவற்றோடு குடியிருப்பையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. பிளானை மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கொடுக்க முன்னரே, கட்டடத்தின் எந்தெந்தப் பகுதிக்கு எந்த விதி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டி முடித்து, பிளான்படி கட்டியிருக்கிறது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழுக்குப் போகும்போது கேட்டால், அப்போது கொங்கிறீற் காய்ந்திருக்கும்.

குடியிருப்புக்கென்று தெளிவான விதி எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 1988இல் திருத்தப்பட்ட நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தின்படி, 1991 மார்ச் 13க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய, நான்கு வீடுகளோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்தில், மின்தூக்கி இருந்தால் எல்லா வீடுகளும், இல்லாவிட்டால் தரைத்தள வீடுகளும் ஏழு தேவைகளை நிறைவேற்ற வேண்டும். அந்த ஏழும் படி இல்லாத நுழைவாயிலில் தொடங்கிக் குளியலறைச் சுவரின் பலம் வரை போகின்றன. இது இங்கே சட்டமல்ல. ஆனால் அளவு தேடுகிறவருக்கு நல்ல அளவுகோல், கீழே நான் சொல்லும் எண்களில் பல அங்கிருந்து வந்தவை.

மோட்டார் சைக்கிளுக்குக் கட்டின சாய்வு

எங்கள் வீடுகளில் படிக்கு நடுவிலோ ஓரத்திலோ ஒன்றரை அடி அகலத்தில் ஒரு சீமெந்துச் சாய்வு இருக்கும், வழுக்காமல் இருக்கக் குறுக்கே கோடும் இழுத்திருப்பார்கள். மோட்டார் சைக்கிளை இரவில் உள்ளே ஏற்ற அது போதும். அதே பழக்கத்தில் தொடர்மாடிக்கும் ஒன்றைக் கட்டி, பிளானில் “சாய்வுப்பாதை” என்று எழுதிவிடுகிறார்கள்.

கணக்கு எளிது. ஓர் அங்குலம் உயர 12 அங்குல நீளம் வேண்டும், 1:12. மார்கழி மழையில் வெள்ளம் ஏறும் என்று நாங்கள் அத்திவாரத்தை நிலத்திலிருந்து இரண்டரை அடி தூக்குகிறோம். 30 அங்குலம். அதற்குச் சாய்வு 30 அடி நீளம் வர வேண்டும், கீழேயும் மேலேயும் ஐந்தடி சமதளம் வேறு. அமெரிக்க விதியில் ஒரே ஓட்டத்தில் ஏறக்கூடிய ஆகக்கூடிய உயரமும் அந்த 30 அங்குலம்தான், அதற்கு மேல் என்றால் இடையில் ஓய்வுத்தளம் வைத்தே ஆக வேண்டும். “முப்பதடிக்கு எங்கே போறது?” என்று கேட்பார்கள். இரண்டு பரப்புக் காணியில் கூடப் பக்க மதிலோரம் முப்பதடி இருக்கும். முகப்பு அழகு கெடும் என்றுதான் அந்த இடத்தைக் கொடுக்க மனம் வருவதில்லை.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கேற்றிலிருந்து கட்டடம் வரை 40 அடி இருந்தால், முற்றத்தையே 1:20 சாய்வில் மண் போட்டு உயர்த்தினால் இரண்டடி தெரியாமலே ஏறிவிடும். மிச்சம் ஆறு அங்குலம், அதற்கு ஆறடிச் சாய்வு போதும். 1:20 அளவில் ஏறும் நடைபாதைக்குக் கைப்பிடியும் தேவைப்படாது. வயோதிபர், பிள்ளைத்தள்ளுவண்டி, சமையல் எரிவாயுச் சிலிண்டர் கொண்டு வருகிற பொடியன், எல்லோருக்கும் அதே வழி. மழைத் தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போகாமல் வாய்க்காலுக்குப் போகும்படி மட்டம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதை மண் நிரப்ப முன் தீர்மானிக்க வேண்டும்.

சாய்வுப்பாதைக்கு மினுங்குகிற மாபிள் பதிப்பதும் அடிக்கடி காண்கிற பிழை. மழை நாளில் அதில் நடந்து வருகிறவரே விழுவார். விளக்குமாறு இழுத்த சீமெந்துத் தரை இதற்கு எவ்வளவோ மேல்.

மூன்றடிக் கதவு மூன்றடி இல்லை

“கதவெல்லாம் மூன்றடி வைச்சிருக்கிறம்” என்பார்கள். சுவரில் விட்ட இடைவெளிதான் மூன்றடி. மர நிலை இரண்டு பக்கமும் மும்மூன்று அங்குலம் தின்னும். திறந்த கதவின் தடிப்பு இன்னும் ஒன்றரை. மிஞ்சுவது 28, 29 அங்குலம். அமெரிக்க அளவு கதவைத் திறந்த பிறகு 32 அங்குலம் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்குச் சுவரில் 40 அங்குலம் விட வேண்டும். அலுமினிய நிலை மெல்லியது என்பதால் கொஞ்சம் குறையலாம்.

குளியலறைக் கதவைப் பாருங்கள். சுவரில் இரண்டரை அடி, நிலை போனால் 24, கதவும் போனால் 23. சாதாரண சக்கர நாற்காலி ஒன்று 25 முதல் 27 அங்குல அகலம். அதாவது கூடம், அறை, நடை எல்லாம் கடந்து வந்த ஒருவர் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

கதவை இழுத்துத் திறக்கும் பக்கம், பூட்டுக்கு அருகே 18 அங்குலச் சுவரும் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் நாற்காலியில் இருப்பவர் கைப்பிடியைப் பிடிக்கும் இடத்திலேயே கதவின் வழியை மறித்துக்கொண்டு நிற்பார். உருண்டைக் குமிழ்ப் பூட்டை விட்டு, முழங்கையாலும் அமத்தக்கூடிய நீட்டுக் கைப்பிடி போடுங்கள். மூட்டுவாதம் உள்ள எந்த அம்மாவிடம் கேட்டாலும் ஏன் என்று சொல்லுவா.

குளியலறை

பிழைகள் அதிகம் குவிவது இங்கேதான். தண்ணீர் அறைக்குள் வரக்கூடாது என்று வாசலில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு வரம்பு கட்டுவது எங்கள் வழமை. முன் சில்லு சிறிய சக்கர நாற்காலிக்கு அது மதில். ஊன்றுகோலோடு வருகிறவருக்கு, அதுவும் இரவில், அது இடறுகல்.

வரம்பில்லாமல் தண்ணீரை அடக்க முடியும். வெளித்தரையும் உள்ளேயுள்ள தரையும் வாசலில் ஒரே மட்டம், அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை. அங்கிருந்து தரை 1:50 அளவில் தூர மூலைக்கு இறங்கும், குளிக்கிற இடமும் வடிகாலும் அந்த மூலையில். வாசலோரம் நீளமான ஒரு வடிகால் கம்பிச்சட்டம் வைத்தால் இன்னும் பயமில்லை. இதற்குக் குளியலறை வருகிற இடத்தில் மட்டும் தளத்தைக் கொஞ்சம் இறக்கிக் கொங்கிறீற் போட வேண்டும். பலகை அடிக்கும் அன்று இதைச் சொல்லாவிட்டால், பிறகு குழாயை மறைக்கத் தரையை உயர்த்துவார்கள், உயர்த்தினால் படி வரும், படி வந்தால் எல்லாம் முடிந்தது.

அடுத்தது பிடிகம்பி. “தேவையெண்டா பிறகு பூட்டலாம்” என்பது சரியான பதில்போலத் தோன்றும். எங்கள் உள்சுவர்கள் நாலு அங்குலச் சீமெந்துக் கல், அதுவும் உள்ளே கோறை. அதில் துளைத்துப் பூட்டிய கம்பியை ஒருவர் முழுப் பாரத்தோடும் பிடித்து எழும்பும்போது, கம்பி மாபிளோடு சேர்ந்து கையில் வரும். கொமோட்டுக்கு அருகிலும் பின்னாலும், குளிக்கிற இடத்திலும், தரையிலிருந்து 30 முதல் 40 அங்குலம் வரை கல்லின் துளைகளைக் கொங்கிறீற் போட்டு நிரப்பிவிடுங்கள். பிடிகம்பி 33க்கும் 36க்கும் இடையில் வரும். அமெரிக்க விதி கம்பியை முதலிலேயே பூட்டச் சொல்லவில்லை, சுவரைப் பலப்படுத்தி வைக்கத்தான் கட்டாயப்படுத்துகிறது. செலவு சில தாச்சிச் சாந்துதான். பூச முன் அளவுநாடாவைச் சுவரில் பிடித்துப் படம் எடுத்து, வீடு வாங்குகிறவரிடம் கொடுங்கள்.

கதவு உள்ளே திறந்தால், விழுந்து கிடப்பவரின் உடலே கதவை அடைத்துவிடும், வெளியிலிருந்து உதவவும் முடியாது. வெளியே திறக்க வையுங்கள், அல்லது இழுகதவு. உள்ளே நாற்காலி சுற்றித் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். கை கழுவும் தொட்டியைக் காலில்லாமல் சுவரில் பூட்டினால் அதன் கீழும் அந்த வட்டத்துக்குள் சேரும்.

மின்தூக்கி இருக்கிறது, ஆனால்

மின்தூக்கிக்குப் போக நாலு படி ஏற வேண்டிய கட்டடங்கள் உண்டு. அந்த நாலு படியில் முழுச் செலவும் வீண். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜெனரேற்றர் வாங்கும்போது நீர்ப்பம்பிக்கும் நடைபாதை வெளிச்சத்துக்கும் கணக்குப் பார்த்து மின்தூக்கியை விட்டுவிடுகிறார்கள். நாலாம் மாடியில் இருப்பவர் அன்று முழுவதும் சிறையில்.

இதைவிடப் பெரிய பிழை மின்தூக்கி இல்லாத மூன்று மாடிக் கட்டடங்களில் நடக்கிறது. தரைத்தளம் முழுவதையும் வாகனத் தரிப்பிடத்துக்கும் கடைக்கும் கொடுத்துவிட்டு வீடுகளை மேலே வைக்கிறார்கள். அதோடு அந்தக் கட்டடத்தில் படி ஏற முடியாதவர் வாழக்கூடிய வீடு ஒன்றுகூட இல்லாமல் போகிறது. தரிப்பிடத்தில் இரண்டு வாகன இடத்தைக் குறைத்து, தரையில் ஒரு வீடாவது வைக்கக் கட்டுநரால் முடியும். அந்த வீடுதான் முதலில் விலைப்படும் என்பது என் அபிப்பிராயம்.

தரிப்பிடத்தில் கிரவலும் கல்லுத்துகளும் கொட்டினால் சில்லு புதையும். காரிலிருந்து நாற்காலிக்கு மாற, பக்கத்தில் ஐந்தடி வெறுமையாக வேண்டும். கேற்றின் தண்டவாளம், வாய்க்கால் மூடியின் துளை, இரண்டிலும் முன்சில்லு மாட்டும். துளை நடக்கிற திசைக்குக் குறுக்காக இருக்கட்டும்.

சக்கர நாற்காலியையே நினைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடுவதும் நடக்கிறது. பார்வை குறைந்தவருக்குப் படி எல்லாம் ஒரே நிற மாபிளாக இருந்தால் விளிம்பு தெரியாது, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மாறுநிறக் கோடு வேண்டும். படிக்கட்டின் அடிப்பகுதியைத் திறந்து விட்டால் வெள்ளைப்பிரம்போடு வருகிறவரின் தலை அடிபடும். மின்தூக்கிப் பொத்தானில் பிரெய்ல் எழுத்தும், மாடியைச் சொல்லும் குரலும், காது கேளாதவர் வீட்டில் மணியோடு வெளிச்சமும் பெரிய செலவில்லை.

ஆளிகள், மின்செருகிகள் தரையிலிருந்து 15க்கும் 48க்கும் இடைப்பட்ட அங்குலத்தில் இருந்தால் இருந்தபடியே எட்டும். ரிப் சுவிச்சை நாங்கள் ஆறடி உயரத்தில் வைக்கிறோம். இடி இடித்து அது விழுந்த இரவில், தனியாக இருக்கும் ஒருவர் விடியும் வரை இருட்டில் இருப்பார். அதையும் கை எட்டும் உயரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

சரி பார்க்க இரண்டு நாட்கள் முக்கியம். ஒன்று தளத்துக்குப் பலகை அடித்த நாள், மற்றது சுவர் பூச முந்தின நாள். சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரை, அவருடைய நேரத்துக்கு உரிய கூலியும் கொடுத்து, அந்த நாட்களில் கூட்டி வாருங்கள். மேல்தளத்துக்கு அன்று அவரால் போக முடியாது, ஆகவே கீழே நிலத்தில் ஒரு வீட்டின் அளவைச் சுண்ணாம்பால் கீறி, குளியலறைக்குள் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு எங்கே மிதிபடுகிறதோ அங்கே சுவரைத் தள்ள இன்னும் நேரம் இருக்கும்.

வாங்குகிறவர்கள், முக்கியமாக ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து படத்தைப் பார்த்து முற்பணம் கட்டுகிறவர்கள், கட்டுநரிடம் “வீல்செயார் போகுமா?” என்று கேட்காதீர்கள். “போகும்” என்றுதான் பதில் வரும். கேற்றிலிருந்து குளியலறை வரை ஒவ்வொரு வாசலின் தெளிவான அகலமும், ஒவ்வொரு மட்ட வித்தியாசமும் அங்குலத்தில் எழுதிய வரைபடம் ஒன்றைக் கேளுங்கள். அதை விற்பனை உடன்படிக்கையோடு இணைத்துக் கையெழுத்து வாங்கிய பிறகு முற்பணத்தை அனுப்புங்கள்.