‘யுலிசஸ்’ நாவலைக் கூடிப் படிப்பது எப்படி?

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ நாவலை ஆசையாக எடுத்து, மூன்றாவது அத்தியாயத்தில் மூடி வைத்துவிட்டவர்கள் நிறைய. இதைக் கூடிப் படிப்பதுதான் நல்லது என்பேன். ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படும், அப்படிக் கண்ணில் படாமல் போகிற விஷயங்கள் இந்த நாவலில் ஏராளம்.

ஐந்தாறு பேர் போதும். எல்லோரும் ஒரே பதிப்பை வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்க எண் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். ஹான்ஸ் வால்டர் காப்ளர் என்ற அறிஞர் திருத்திய பதிப்பில் வரி எண்களும் இருப்பதால் பேசுவதற்கு வசதி. மொத்தம் 18 அத்தியாயங்கள். ஒரு சந்திப்புக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் நாடக வடிவில் வரும் 15ஆவது மிகவும் நீளம், அதற்கு மட்டும் மூன்று சந்திப்புகளாவது ஒதுக்குங்கள்.

கதை நடப்பது ஒரே நாளில், 1904 ஜூன் 16, டப்ளின் நகரத்தில். முதல் மூன்று அத்தியாயங்கள் ஸ்டீபன் என்ற இளைஞனுடையவை, மூன்றாவது முழுக்க அவன் தலைக்குள்ளேயே ஓடுகிறது, அதனால்தான் பலர் அங்கே நின்றுவிடுகிறார்கள். சிக்கினால் யோசிக்காமல் நான்காவதுக்குப் போய்விடுங்கள். அங்கே கடிகாரம் மறுபடி காலை எட்டு மணிக்குத் திரும்பி, நாவலின் நாயகன் ப்ளூம் தன் வீட்டுச் சமையலறையில் நிற்கிறார். விட்ட இடத்துக்கு அப்புறம் திரும்பி வரலாம், நாவல் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

முதல் சந்திப்பிலேயே அந்தச் சமையலறைப் பகுதியை உரக்கப் படித்துப் பாருங்கள். ப்ளூமின் பூனை மூன்று தடவை கத்துகிறது, மூன்று தடவையும் ஜாய்ஸ் வேறு வேறு எழுத்துகளில் எழுதியிருக்கிறார். நடுவே, இந்தப் பூனைக்கு நான் எவ்வளவு உயரமாகத் தெரிவேன், கோபுரம் மாதிரியா என்று ப்ளூம் யோசிக்கிறார், ‘இல்லை, என்னைத் தாண்டிக் குதிக்கக்கூடியதாயிற்றே’ என்று உடனே தன்னைத் திருத்திக்கொள்ளவும் செய்கிறார். இதில் எது கதைசொல்லியின் வாக்கியம், எது ப்ளூமின் மனம்? மேற்கோள்குறி எதுவும் கிடையாது. ஆளுக்கொரு பென்சிலை எடுத்து அரைப்பக்கத்துக்குக் கோடு போடுங்கள், பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள், எல்லோரும் ஒரே இடத்தில் கோடு போட்டிருக்க மாட்டீர்கள். மனதில் ஓடும் எண்ணங்களை ஓடுகிறபடியே எழுதுவதை நனவோடை என்று சொல்கிறோமே, அது எப்படி வேலை செய்கிறது என்று புரிய இந்த ஒரு பயிற்சி போதும், இதற்கு முன்னால் எந்த விளக்கநூலையும் திறக்க வேண்டாம். விளக்கநூலைத் திறப்பது, அத்தியாயத்தைப் படித்து, பேசி முடித்த பிறகுதான். முதலிலேயே படித்துவிட்டால், இந்த நாவல் அடியொற்றிச் செல்லும் ஹோமரின் ‘ஒடிஸி’ காவியத்தில் எந்தக் காட்சிக்கு எது இணை என்று பட்டியல் போடும் வேலையாகிவிடும், ப்ளூம் என்ற மனிதர் காணாமல் போய்விடுவார்.

பேச வரும்போது ஆளுக்கு ஒரு பத்தியும் ஒரு கேள்வியும் கொண்டு வரட்டும். நாவலை ஏற்கெனவே படித்தவர் கடைசியாகப் பேசட்டும், இதில் நான் பிடிவாதமாக இருப்பேன், ஏனென்றால் அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கண்ணில் படாமல் போவதற்கு ஓர் உதாரணம். ஐந்தாவது அத்தியாயத்தில், தன் செய்தித்தாளைக் கேட்கும் லயன்ஸ் என்ற தெரிந்தவரிடம் ப்ளூம் ‘வைத்துக்கொள், தூக்கிப் போடத்தான் இருந்தேன்’ என்கிறார். ஆங்கிலத்தில் அந்தச் சொற்கள் அன்று பந்தயத்தில் ஓடும் ‘த்ரோஅவே’ என்ற குதிரையின் பெயராகவே காதில் விழுகின்றன, லயன்ஸ் அதை ரகசியத் தகவல் என்று எடுத்துக்கொள்கிறார். அந்தக் குதிரை ஒன்றுக்கு இருபது என்ற கணக்கில் ஜெயித்துவிடுகிறது. 12ஆவது அத்தியாயத்தில் மதுக்கடையில் இருப்பவர்கள், ப்ளூம் பந்தயத்தில் பணம் அள்ளிவிட்டு நமக்கு ஒரு கோப்பைகூட வாங்கித் தரவில்லை என்று கருவுகிறார்கள், யூதர் என்ற வெறுப்பும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ப்ளூம் பந்தயமே கட்டவில்லை! தனியாகப் படிப்பவர் பன்னிரண்டுக்கு வருவதற்குள் ஐந்தில் வந்த அந்த ஒற்றை வரியை மறந்திருப்பார். குழுவில் யாராவது ஒருவருக்கு ஞாபகம் இருக்கும், அவர் பக்கத்தைப் புரட்டிக் காட்டும்போது எல்லோருக்கும் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே கூடலாம்.

சண்டை வரும், வரட்டும். மனைவி மோலியைப் பார்க்க அவளுடைய காதலன் பாய்லன் நான்கு மணிக்கு வருவான் என்று தெரிந்தும் ப்ளூம் வீட்டுக்குப் போகாமல் ஊரெல்லாம் சுற்றுகிறாரே, இது கோழைத்தனமா பெருந்தன்மையா என்று கட்டாயம் வாக்குவாதம் கிளம்பும். அப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த வரி? வரியைக் காட்டாமல் ‘எனக்கு அப்படித் தோன்றுகிறது’ என்று சொன்னால் அடுத்தவருக்கு வழிவிட வேண்டும்.

அப்புறம் கடைசி அத்தியாயம், மோலியுடையது. எட்டே எட்டு நீண்ட வாக்கியங்கள், நிறுத்தக்குறிகள் அநேகமாக இல்லை. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் அவர்கள் மூச்சு விடுகிற இடங்களைக் குறித்துக்கொள்ளட்டும். ஒருவர் நிறுத்துகிற இடத்தில் மோலி கோபமாகத் தெரிவாள், இன்னொருவர் நிறுத்துகிற இடத்தில் ஏக்கமாக. அதைப் பற்றிப் பேசவே அன்றைய நேரம் முழுவதையும் வைத்துக்கொள்ளுங்கள்.