சிறப்புப் படை வீரரின் போர் நினைவுகளை நூலாக எழுதுவது எப்படி

வேலூருக்கு அருகே, கணியம்பாடியை அடுத்த கம்மவான்பேட்டையை மக்கள் ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகள் அங்கே அவ்வளவு உண்டு. நம் மாவட்டத்தின் பிற ஊர்களிலும் ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்குக் குறைவில்லை. அவர்களுள் பாரா கமாண்டோ போன்ற சிறப்புப் படைகளில் இருந்தவர்கள் சிலரே. அந்தச் சிலரும் தாங்கள் பார்த்ததைப் பேசாமலே முதுமை அடைந்துவிடுகிறார்கள். தம் அப்பாவின், மாமாவின், தாத்தாவின் நினைவுகளை அவரோடு அமர்ந்து எழுத விரும்புகிற இளையவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முதலில் நூலின் எல்லையைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சிறு குழுவாகச் சென்று போரிட்டவருக்கு முழுப் போரும் தெரிந்திருக்காது. தமக்கு முன்னால் நடந்தவரின் முதுகும், தாம் காவல் காத்த திசையும், காதில் விழுந்த வயர்லெஸ் குரலும்தான் அவருக்குத் தெரியும். இலங்கையில் இந்திய அமைதிப்படை விடுதலைப் புலிகளோடு போரிட்டபோது, 1987 அக்டோபர் 11ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் 10ஆம் பாரா கமாண்டோ பிரிவின் வீரர்களும் 13ஆம் சீக்கிய இலகு காலாட்படைப் பிரிவின் 30 வீரர்களும் ஹெலிகாப்டர்களில் இறக்கப்பட்டார்கள். கடுமையான துப்பாக்கிச் சூட்டால் மேற்கொண்டு ஆட்களை இறக்க முடியாமல் போக, தனித்து நின்ற அந்த 30 பேரில் 29 பேர் உயிரிழந்தார்கள். கமாண்டோக்கள் வேறு பக்கம் போரிட்டு, பின்னர் மீட்கப்பட்டார்கள். ஒரே இரவு, ஒரே வளாகம். ஆயினும் இந்த இரு பிரிவினரின் அனுபவமும் ஒன்றல்ல. எனவே அவர் கண்ணால் கண்டதை ஒரு நோட்டிலும், முகாமுக்குத் திரும்பிய பின் பிறர் சொல்லக் கேட்டதை மற்றொரு நோட்டிலும் எழுதுங்கள். இரண்டும் நூலில் இடம்பெறலாம். ஆனால் எது எதுவென்று வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அடுத்த வேலை காலத்தை உறுதிசெய்வது. ஓய்வின்போது ராணுவம் தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவர் பணியாற்றிய பிரிவும், பெற்ற பதக்கங்களும் இருக்கும். டிரங்குப் பெட்டியில் பழைய இன்லேண்டு கடிதங்கள் இருந்தால் அவற்றைத் தேதி வாரியாக அடுக்குங்கள். 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய முகவரி அவர் எங்கே இருந்தார் என்பதைக் காட்டாது, ஆனால் முத்திரையில் உள்ள தேதி உதவும். தேதி நினைவில்லாதவருக்குப் பண்டிகை நினைவிருக்கும். "அந்தத் தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது" என்று வீட்டில் அம்மாவோ பாட்டியோ சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த ஆண்டின் பாம்புப் பஞ்சாங்கம் கிடைத்தால் திதியையும் பாருங்கள். 1971 போரில் 9ஆம் பாரா கமாண்டோ பிரிவின் வீரர்கள் காஷ்மீரின் பூஞ்ச் பகுதியில் எல்லை தாண்டிச் சென்று, மந்தோலில் இருந்த பாகிஸ்தானின் பீரங்கிகளைத் தகர்த்தது டிசம்பர் 13ஆம் தேதி இரவில். அமாவாசைக்குச் சில நாட்களே இருந்ததால் பெரும்பகுதி இருட்டு. யாழ்ப்பாணத்து இரவோ பௌர்ணமி கழிந்து சில நாட்களில் வந்தது. அந்த இரவைக் கும்மிருட்டு என்று ஒருவர் சொன்னால் அவரை மறுக்க வேண்டியதில்லை. வானம் மேகமூட்டமாக இருந்ததா, மரநிழலில் இருந்தீர்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்தே புதிய நினைவுகள் எழும்.

கேட்கும் முறையில்தான் நூலின் உயிர் இருக்கிறது. "சண்டையில் என்ன நடந்தது?" என்று கேட்டால், பதக்க விழாவில் வாசிக்கப்பட்ட வாசகமே திரும்பி வரும். தாக்குதலுக்கு முன் ராணுவத்தில் மணலில் நிலத்தின் மாதிரியை அமைத்து விளக்குவது வழக்கம். அதையே உங்கள் வீட்டு வாசலில் அவரை அமைக்கச் சொல்லுங்கள். ஆற்று மணலைக் கொட்டி, கட்டடத்துக்கு ஒரு செங்கல், பாதைக்கு ஒரு கயிறு, ஒவ்வொரு வீரருக்கும் ஒரு கூழாங்கல் என்று அவர் வைக்கத் தொடங்கினால், கை தானாகவே சரியான இடத்துக்குப் போகும். வயர்லெஸ் தூக்கியவர் யார், வெடிமருந்து யாரிடம் இருந்தது, காயத்துக்குக் கட்டுப்போடுபவர் எத்தனையாவதாக நடந்தார் என்பதெல்லாம் அப்போது தெளிவாகும். ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பேச்சை நிறுத்திவிட்டால் அன்றைக்கு அத்துடன் விட்டுவிடுங்கள். தூக்கம் கெடுகிறது, உடல் நடுங்குகிறது என்று தெரிந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முதல் கடமை, நூல் காத்திருக்கலாம்.

இலங்கையில் போரிட்ட தமிழ் வீரரிடம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. பலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அங்கிருந்த பொதுமக்களும் பலர் மடிந்தார்கள். தாம் நுழைந்த வீட்டில் அழுத கிழவி தம் தாய் பேசும் மொழியிலேயே அழுததைக் கேட்ட ஒருவருக்கு அந்த நினைவு எதிரியின் துப்பாக்கியைவிடக் கனமாக இருக்கக்கூடும். வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே வாழ்பவர் ஒருவர் இந்த நூலை வாசிப்பார் என்று எண்ணியே ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள். அவர் முன் சொல்லக் கூசுகிற பெருமையை நூலிலிருந்து நீக்கிவிடுங்கள். அவர் கேட்க வேண்டிய உண்மையை நீக்காதீர்கள்.

அலுவல் ரகசியச் சட்டம், 1923 ஓய்வுபெற்றவரையும் கட்டுப்படுத்தும். சங்கேதச் சொற்கள், இன்றும் பயன்படக்கூடிய ஊடுருவும் முறைகள், தகவல் தந்த உள்ளூர்க்காரரின் அடையாளம், இன்னும் பணியில் உள்ள தோழர்களின் பெயர்கள் ஆகியவற்றைக் கைப்பிரதியிலேயே எழுத வேண்டாம். பணியில் இருப்பவர் ராணுவப் பணி தொடர்பாக எதை வெளியிடுவதானாலும் முன் அனுமதி பெற்றாக வேண்டும். ஓய்வுபெற்றவரும் ஐயமிருந்தால் தம் ரெஜிமெண்டுக்கு எழுத்து மூலம் கேட்பது நல்லது.

இறந்த தோழரைப் பற்றிய பக்கத்தில்தான் அடைமொழிகள் வந்து குவியும். அப்போது, பூசலில் இறந்த வீரர்களுக்காக நடப்பட்ட செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பாருங்கள். 1989இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அவை வடஆற்காட்டில்தான் இருந்தன. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னாரின் சேவகன் இன்னான், ஆநிரை மீட்கும் பூசலில் பட்டான் (இறந்தான்) என்று பல்லவர் காலத்துக் கல் சில வரிகளில் முடித்துவிடுகிறது. தோழரின் பெயர், ஊர், அன்று அவர் செய்த வேலை, விழுந்த இடம், அருகில் இருந்தவர் யார் என்பவற்றை அதே அளவோடு எழுதுங்கள். அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன், அவருடைய மனைவியோ உடன்பிறந்தவரோ இருந்தால், தபாலில் அனுப்பாமல் வீரரையே அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சென்று வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் விவரத்தை எடுத்துவிடுங்கள். அவர்கள் புதிதாகச் சொல்வதை, யார் சொன்னது என்ற குறிப்போடு சேருங்கள்.