கிழட்டுக் குதிரை இளைத்தால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள்

போன தீபாவளிக்கு மச்சான் ஊரிலிருந்து வந்தார். பையை வைத்த கையோடு கொட்டகைப் பக்கம் போனவர், எங்கள் குதிரை ராணியைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

“என்ன மாப்ள, இப்படி இளைச்சுப் போச்சு?”

“இருபத்திமூணு வயசு ஆச்சு மச்சான். இன்னமும் குமரியாவா இருக்கும்?” என்று சிரித்துச் சமாளித்தேன்.

அவர் கடைசியாக அதைப் பார்த்தது சித்திரையில். நானோ தினம் இரண்டு வேளை தீனி வைக்கிறவன். ஆறு மாதமாகக் கண் முன்னால் நடந்தது எனக்குத் தெரியவில்லை, வந்த ஐந்தாவது நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய நாட்டுக்குதிரை அது. பிள்ளைகளை முதுகில் ஏற்றி வளர்த்தது. அதனால்தான் இந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

15 வயதைத் தாண்டினால் குதிரைக்கு முதுமை எட்டிப் பார்க்கிறது, 20 தாண்டினால் கிழடு என்று சொல்லலாம். நன்றாகக் கவனித்தால் 25, 30 வரைகூட இருக்கும். வயதானால் முதுகுச் சதை கொஞ்சம் தளரும்தான். ஆனால் எலும்பு துருத்துகிற அளவுக்கு இளைத்தால், பல்லோ, சுரப்பியோ, புழுவோ, வலியோ, பின்னால் ஒரு காரணம் இருக்கும். ‘வயசாச்சு’ என்று சொன்னதும் அந்தக் காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். நான் செய்ததும் அதுதான். இப்படி நாம் வழக்கமாகச் செய்கிற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கண்ணை நம்பியிருப்பது

தினம் பார்க்கிற கண்ணுக்கு மெல்ல நடக்கிற மாற்றம் பிடிபடாது. அதனால் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், சேணத்து வார் இறுக்கும் இடத்தில், நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். தையல்காரர் டேப் 150 செ.மீ.தான் இருக்கும், பெரும்பாலும் போதாது. நூல் கயிறு ஒன்றைச் சுற்றிப் பிடித்து, அதைத் தரையில் நீட்டி அளந்துகொள்ளலாம். அப்புறம் தோள் முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை நீளம்.

சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிட்டத்தட்டக் கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 160 செ.மீ., நீளம் 140 செ.மீ. என்றால் ஏறக்குறைய 302 கிலோ. அதே குதிரையின் சுற்றளவு 152 ஆகிவிட்டால் 272 கிலோ. கயிற்றில் 8 செ.மீ. குறைவது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போயிருக்கிறது!

கூடவே ஒரு போட்டோ. அதே சுவர், அதே வெளிச்சம், பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. கொண்டாட்டத்தில் எடுத்த படங்கள் இதற்கு உதவாது. அதில் குதிரையைவிட மாலைதான் அதிகம் தெரியும்.

வயிற்றைப் பார்த்து ஏமாறுவது

“வயிறு நல்லாத்தானே இருக்கு” என்பது நம்மில் பலர் சொல்வது. வயதான குதிரையில் வயிற்றுத் தசை தளர்ந்து தொங்கும். புழு இருந்தாலும் வயிறு உப்பலாகத் தெரியும். மேலே முதுகெலும்பு கத்திபோல நிற்கும், கீழே வயிறு பானைபோல இருக்கும். நாம் பானையை மட்டும் பார்த்துத் திருப்தியாகிவிடுகிறோம்.

கையால் தடவிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னக் என்பவர் 1983-ல் இதற்கு ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார். கழுத்து, பிடரி முடிகிற மேடு, தோளுக்குப் பின்பக்கம், விலா, இடுப்பு முதுகு, வாலின் அடி என்று ஆறு இடங்களைத் தொட்டுப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவது. 1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் கொழுப்பு உருண்டை, 5 நடுத்தரம்.

விலாவுக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கை முஷ்டியை மடக்கி, மறுகையால் அதன் முட்டிகளைத் தடவுங்கள். விலா அப்படித் தட்டுப்பட்டால் இளைத்திருக்கிறது. கையை விரித்து, புறங்கையைத் தடவினால் எப்படி இருக்கிறதோ அப்படி இருந்தால் சரி.

அடிவயிற்றில் விரலால் ஓர் அழுத்து அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து மெதுவாக நிரம்பினால் அது சதையும் இல்லை, கொழுப்பும் இல்லை, நீர்கோத்த வீக்கம். நம் ஊர்களில் கடிக்கும் பெரிய ஈக்கள் வழியாகப் பரவும் சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோயில் இப்படி வரும். காய்ச்சல் விட்டு விட்டு வரும், ஈறு வெளுக்கும், நாளுக்கு நாள் இளைக்கும். இளங்குதிரைக்கு வந்தால் பதறி ஓடுகிறோம். கிழட்டுக் குதிரைக்கு வந்தால் அதையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இரத்தப் பரிசோதனை செய்தால்தான் உறுதியாகும்.

இளைத்ததும் கொள்ளு அளவைக் கூட்டுவது

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது பழமொழி. குதிரைக்காரர்களுக்கு இளைத்தாலும் கொள்ளு, கொழுத்தாலும் கொள்ளு. மச்சான் சொல்லிவிட்டுப் போன பிறகு நானும் ஒரு படி கூட்டினேன். மூன்று வாரம் ஆயிற்று, கயிறு அப்படியேதான் நின்றது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் லாடம் அடிக்க வந்த பாய். பின்னங்காலைத் தூக்கி மடியில் வைத்தவர், தரையைப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த லத்தியைப் பாருங்க. போட்ட கொள்ளு அப்படியே வெளியே கிடக்கு” என்றார். உடைத்துப் பார்த்தால் ஊறிய கொள்ளு முழுசு முழுசாக இருந்தது, புல் விரல் நீளத்துக்கு நார்நாராக. தீனித் தொட்டியின் ஓரத்தில், மென்று துப்பிய புல் சின்னச் சின்ன உருண்டைகளாகக் காய்ந்து கிடந்தது. அதையும் நான் தினம் கூட்டித் தள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், குப்பை என்று நினைத்து.

குதிரையின் கடைவாய்ப் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மி.மீ. வரை ஈறுக்குள்ளிருந்து மேலேறிக்கொண்டே இருக்கும், மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே இருக்கும். உள்ளே இருப்பு தீர்ந்தால் பல் ஆடும், விழும். ஒரு பல் விழுந்தால் அதற்கு எதிரே இருப்பது தேய ஆளில்லாமல் நீண்டு ஈறைக் குத்தும். ராணிக்கு நடந்தது இதுதான். டாக்டர் மயக்க ஊசி போட்டு, வாயை விரித்துப் பிடிக்கும் இரும்பை மாட்டி, டார்ச் அடித்துக் காட்டினார். இடது கீழ்த்தாடையில் ஒரு பல் இல்லை, கன்னத்தின் உள்ளே புண். கூரான முனைகளை மட்டும் அரத்தால் ராவினார். வயதான குதிரைக்கு நிறைய ராவக்கூடாதாம், மிச்சம் இருப்பதே கொஞ்சம்.

அதன் பிறகு தீனியின் அளவைக் கூட்டாமல் பக்குவத்தை மாற்றினோம். கொள்ளை வேகவைத்து மசித்து, புல்லைப் பொடியாக நறுக்கி நனைத்து, இரண்டு வேளைக்குப் பதில் நான்கு வேளை. ஒரே நாளில் மாற்றாமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. இன்னொரு குதிரை பக்கத்தில் இருந்தால் தனியே வைத்துக் கொடுங்கள். இளசு முதலில் தின்றுவிட்டுக் கிழட்டின் தொட்டிக்கு வந்துவிடும்.

பல் போன குதிரைக்குக் காய்ந்த தீனி போட்டால் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. மூக்கு வழியாக எச்சிலும் தீனியும் கலந்து ஒழுகும், கழுத்தை நீட்டி நீட்டி இருமும். அப்போது மூங்கில் குழாயில் எண்ணெயோ தண்ணீரோ புகட்டவே புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். தொட்டியை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

முடி நீண்டால் ‘குளிருக்கு’ என்று நினைப்பது

ஊட்டிக் குளிரில் குதிரைக்கு முடி அடர்வது இயல்பு. வெயில் வந்ததும் உதிர வேண்டும். கோடையிலும் உதிராமல் நீளமாக, சுருளாக நின்றால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைச் சந்தேகப்பட வேண்டும். குஷிங் நோய் என்பார்கள். முதுகுச் சதை கரையும், தண்ணீர் அதிகம் குடிக்கும், சிறுநீரில் படுக்கை நனைந்துகொண்டே இருக்கும், புண் ஆறாது. ஏசிடிஎச் என்ற ஹார்மோனை இரத்தத்தில் அளந்து கண்டுபிடிக்கிறார்கள். பெர்கோலைட் மாத்திரை தினமும், ஆயுள் முழுக்க. குணமாகாது, ஆனால் கட்டுக்குள் இருக்கும்.

இந்த நோயின் பெரிய ஆபத்து குளம்பில் இருக்கிறது. குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் திசு அழற்சியாகிக் கடுமையாக வலிக்கும். குதிரை முன்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னால் போட்டு நிற்கும். குளம்பு சுடும், திரும்பும்போது முள்ளில் மிதிப்பதுபோல அடி வைக்கும். மூட்டுவலி என்று தைலம் தடவிக் காலம் கடத்தினால் எலும்பு உள்ளுக்குள்ளேயே விலகிவிடும். இப்படிப்பட்ட குதிரைக்கு வெல்லம் ஊட்டுவது அன்பு இல்லை.

‘தின்கிறதே, அப்போ சரிதான்’ என்பது

கிழட்டுக் குதிரை வலியைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. இளசு வயிற்றுவலியில் உருளும். இது ஓரமாகத் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், அவ்வளவுதான். அதனால் நலமாக இருக்கும் நாளிலேயே அதன் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உடல்வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. ஒரு நாளில் எத்தனை முறை லத்தி போடுகிறது, எத்தனை வாளி தண்ணீர் குடிக்கிறது என்பதும் அதே நோட்டில் இருக்கட்டும்.

குடற்புழு மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காமல், லத்தியைக் கொண்டுபோய் அதில் உள்ள புழு முட்டைகளின் எண்ணிக்கை பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. உள்ளூரில் குதிரை பார்த்துப் பழகிய டாக்டர் கிடைக்காவிட்டால் சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கேட்கலாம்.

பொங்கலுக்கு மச்சான் மறுபடி வந்தார். கயிறு அப்போது 157-க்கு ஏறியிருந்தது. நோட்டை எடுத்துக் காட்டினேன். மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம், கரும்புக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பிவிட்டார். ஓடிப்போய்ப் பிடுங்க வேண்டியதாயிற்று. பல் இல்லாத குதிரைக்குக் கரும்புச் சக்கை தொண்டையில் நின்றால் என்ன ஆகும் என்று சொன்னேன். “அட, அதுவும் அப்படியா” என்று அங்கேயே உட்கார்ந்து, ராணி பார்த்துக்கொண்டிருக்க, முழுக் கரும்பையும் அவரே கடித்துத் தின்று முடித்தார்.