புதிய மின்சார காரில் குறை வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல நேரம் பார்த்து, குடும்பத்தோடு ஷோரூமுக்குப் போய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்படும் அந்த அரைமணி நேரத்தில் யாரும் காரைச் சோதித்துப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பெரிய பயன் இல்லை. அதற்குள் வண்டி உங்கள் பெயரில் பில் போடப்பட்டு, காப்பீடு எடுக்கப்பட்டு, ஆர்டிஓ பதிவும் முடிந்திருக்கும். பதிவான வண்டியில் குறை கண்டால் பழுது நீக்கித் தருவதாகத்தான் டீலர் சொல்வாரே தவிர, வேறு வண்டி தர முன்வருவது அரிது. எனவே சோதனையை டெலிவரி நாளுக்குத் தள்ளிப்போடுவதையே முதல் தவறாகவும் மிகப் பெரிய தவறாகவும் நான் கருதுகிறேன்.

பில் போடுவதற்கு முன்பே, உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வண்டியின் சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, அது நிற்கும் யார்டுக்குப் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். கதவு இடைவெளி, பெயிண்ட், கண்ணாடி ஆகியவற்றை எந்தக் காருக்கும் பார்ப்பதுபோலவே பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மின்சார காருக்கே உரிய சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சார்ஜிங் மூடி சரியாகத் திறந்து பூட்டுகிறதா, வண்டியோடு தரும் சார்ஜரில் ஏற்றம் தொடங்குகிறதா, டிசி வேக சார்ஜரிலும் ஏறுகிறதா என்று மூன்றையும் செய்து காட்டச் சொல்லுங்கள். வீட்டு மின்சாரமான ஏசியில் நடக்கும் ஏற்றமும், வேக சார்ஜரின் டிசி ஏற்றமும் வண்டிக்குள் வெவ்வேறு வழியில் செல்வதால், ஒன்று வேலை செய்வது மற்றதற்குச் சான்றாகாது.

பெரிய பேட்டரியைப் பற்றியே கவலைப்பட்டு, சிறிய 12 வோல்ட் பேட்டரியை மறந்துவிடுவது அடுத்த தவறு. எங்கள் கார் வந்த 11-ஆம் நாள் காலையில், அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் கதவே திறக்காமல் நின்றது. முந்தைய இரவு பெரிய பேட்டரியில் 82 சதவீதம் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் படுத்திருந்தேன். பூட்டு, திரை, கணினிகள் ஆகியவற்றுக்கு மின்சாரம் கொடுப்பதும், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்கள் எனும் மின்சுவிட்சுகளை இயக்குவதும் இந்தச் சிறிய பேட்டரிதான். அது இறந்தால் மற்றது நிறைந்திருந்தும் வண்டி உயிர்பெறாது. யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் இது வலுவிழந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே டெலிவரிக்கு முன் அதன் வோல்டேஜை அளந்து காட்டச் சொல்வது நியாயமான கோரிக்கையே.

சர்வீஸ் மையத்தார் வண்டியை எடுத்துச் சென்று புது 12 வோல்ட் பேட்டரி போட்டுத் தந்தார்கள். குறையையும் செய்யும் வேலையையும் அவர்கள் எழுதித் தரும் தாளான ஜாப் கார்டை வீட்டுக்கு வந்தபின்தான் படித்தேன். குறை என்ற இடத்தில் "பொதுச் சோதனை" என்று மட்டும் இருந்தது. ஐந்து வாரம் கழித்து அதே குறை திரும்பியபோது, முதல்முறை வந்த குறைக்கு என்னிடம் எந்த ஆவணமும் இல்லை. சர்வீஸ் அட்வைசரிடம் வாயால் சொல்வது புகாராகாது. நீங்கள் சொன்ன வார்த்தைகளிலேயே குறை எழுதப்பட்டிருக்கிறதா, தேதியும் கிலோமீட்டரும் சரியா என்று படித்துவிட்டுத்தான் ஜாப் கார்டில் கையெழுத்திட வேண்டும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது என்ன செய்தார்கள், எந்தப் பாகம் மாற்றினார்கள் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். திரையில் எச்சரிக்கை வந்தால் உடனே படம் எடுத்துவிடுங்கள். மென்பொருள் புதுப்பித்தபின் அந்தத் தடயம் கிடைக்காமல் போகலாம்.

குறை அல்லாததைக் குறையென்று சொல்லி நம் வார்த்தையின் மதிப்பைக் குறைத்துக்கொள்வதும் நடக்கிறது. விளம்பரத்தில் சொன்ன தூரம் ஆய்வக அளவீடு. அது சாலையில் கிடைக்காததை மட்டும் வைத்து வாரண்டி கேட்க முடியாது. 80 சதவீதத்துக்கு மேல் டிசி ஏற்றம் மெதுவாவது பேட்டரியைக் காக்கும் ஏற்பாடு. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரியை நெடுநாள் முழுதாக ஏற்றாமல் வைத்தால் திரையில் காட்டும் சதவீதம் பிசகும். நிறுவனம் சொல்லும் இடைவெளியில் 100 வரை ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டில் மட்டும் ஏற்றம் நின்றுபோகிறது என்றால், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, வேறோர் இடத்திலும் ஏற்றிப் பார்த்து, இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள். "உங்கள் வீட்டு எர்த் சரியில்லை" என்ற பதிலுக்கு அப்போதுதான் மறுமொழி இருக்கும்.

வாரண்டிப் புத்தகத்தைப் படிக்காமல் இருப்பது பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை என்று தருகின்றன. 12 வோல்ட் பேட்டரியும் டயரும் இதில் சேராது. வெளிக்கடையில் கேமராவுக்காகவோ ஒலிபெருக்கிக்காகவோ ஒயரை வெட்டினால், பிறகு வரும் எந்த மின்கோளாறுக்கும் அதையே காரணம் காட்டுவார்கள்.

ஒரே குறை மூன்றாம் முறை வந்தபின்னும் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் ஜாப் கார்டு நகல்களோடு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கிடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குக் கட்டணம் 400 ரூபாய். டீலர், தயாரிப்பு நிறுவனம் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கத் தவறினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்கப் பார்ப்பார். வழக்கிட 2 ஆண்டுதான் அவகாசம். "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்கும்போதும் அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.