"துணைக்கு வருகிறேன்" என்று உங்களைப் பற்றி நீங்களே விளம்பரம் எழுதுவது எப்படி?

சேலத்தில் வயதானவர்களை ஆஸ்பத்திரி, பேங்க், கோயில், கல்யாணம் என்று கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவதுதான் என் வேலை. ஏஜென்சி கிடையாது, தனி ஆள். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்கள், அம்மா ஃபேர்லேண்ட்ஸில் தனியாக இருப்பார். கண் ஆபரேஷன் என்றால் கூட ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும். அங்கேதான் நமக்கு வேலை.

இதே வேலைக்கு வர நினைக்கிற இரண்டு மூன்று பெண்கள், "வாட்ஸ்அப்பில் என்னக்கா போடுறது?" என்று கேட்டார்கள். அவர்களுக்காக இது.

படி 1: செய்ய மாட்டேன் என்பதை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். ஒரு பக்கம் தெரிந்த வேலை, மறுபக்கம் தெரியாத வேலை. தெரியாத பக்கத்தை முதலில் நிரப்புங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். வேலை கேட்கப் போகிற இடத்தில் தெரியாததைச் சொல்வார்களா என்று தோன்றும்.

நான் அப்படித் தோன்றித்தான் கெட்டேன். என் முதல் விளம்பரத்தில் "எல்லா உதவியும் செய்யப்படும், நர்சிங் தெரியும்" என்று போட்டேன். எனக்குத் தெரிந்த நர்சிங், பி.பி. மெஷினைக் கையில் சுற்றி பட்டனை அமுக்குவது. சூரமங்கலத்தில் ஒரு வீடு, தாத்தாவுக்குச் சர்க்கரை. மகள் போனில், "சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் போட்டுடுங்க சிஸ்டர்" என்றார். நான் போய் ஃப்ரீஸரைத் திறந்து தேடினேன். தாத்தா கீழ்க்கதவைத் திறந்து முட்டைத் தட்டுக்குப் பக்கத்திலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்தார், வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்துத் தானே போட்டுக்கொண்டார், பத்து எண்ணி ஊசியை வெளியே எடுத்தார். "ஃப்ரீஸரைத் தொறந்தப்பவே தெரிஞ்சுதும்மா, உனக்குத் தெரியாதுன்னு" என்றார். மகளிடம் அவர் சொல்லவில்லை. நான்தான் சாயங்காலம் போன் செய்து சொன்னேன்.

நர்ஸ் என்று போட்டுக்கொள்ள படிப்பும், செவிலியர் குழுமப் பதிவும் வேண்டும். அது இல்லாமல் "சிஸ்டர்" என்று யாராவது கூப்பிட்டாலே திருத்திவிடுங்கள். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொய் சொல்வது மட்டும் இல்லை, முக்கியமான விவரத்தை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரம்தான். நம்மைப் போன்ற ஒற்றை ஆளைத் தேடி யாரும் நோட்டீஸோடு வரப்போவதில்லை என்று வைத்துக்கொண்டாலும், இன்சுலின் பேனா கைக்கு வந்துவிடும்.

என் "மாட்டேன்" பட்டியல் இப்போது இது: ஊசி போட மாட்டேன், டியூப் மாற்ற மாட்டேன், ஆளைத் தனியாகத் தூக்க மாட்டேன் (முதுகு), ராத்திரி தங்க மாட்டேன், சமைக்க மாட்டேன். கடைசியது தெரியாததால் இல்லை. ஒருமுறை ஆரம்பித்தால் அதுவே வேலையாகிவிடும்.

படி 2: படம்

ஆறு மாதத்துக்குள் எடுத்தது, பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், தினமும் உடுத்துகிற உடுப்பில். அவ்வளவுதான் விதி.

நான் வைத்திருந்தது தங்கை கல்யாணத்தில் எடுத்த படம். எட்டு வருடம் பழசு. பார்லரில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பூசிய முகம். ஒரு பாட்டியை சேலம் ஜங்ஷனில் இறக்கிக் கூட்டிவர வேண்டும். நான் கோச் வாசலிலேயே நிற்கிறேன். பாட்டி இறங்கினார், போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். பையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு, "அந்தப் பொண்ணு வரலையா? நீ அவங்க அக்காவா?" என்றார். மகனுக்குப் போன் போட்டு, அவர் வீடியோவில் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பை என் கைக்கு வந்தது. அறிமுகமில்லாத ஊரில், அறிமுகமில்லாத ஆளை நம்பி இறங்குகிறவருக்கு இருப்பது அந்த ஒரு படம்தான். அழகு யாருக்கு வேண்டும்?

வயதும் அப்படியே. 44 என்றால் 44. இந்த வேலையில் வயது கூடினால் நல்லதுதான், ஏனோ நாமே குறைத்துப் போடுகிறோம்.

படி 3: வேலைக்கு என்ன பெயர் வைப்பது

"லேடி கம்பானியன், சேலம்" என்று போட்டுவிடாதீர்கள். ராத்திரி பதினொன்றரைக்கு வருகிற போனெல்லாம் ஆஸ்பத்திரிக்கு இல்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்களைப் பற்றிப் பேச நான் யார். ஆனால் தேடுகிறவருக்கும் நமக்கும் வேறு வேறு வேலை மனதில் இருந்தால் இரண்டு பேருக்கும் நேர விரயம். பொத்தாம்பொதுவாக எழுதியது நம் தப்பு. யாருக்கு, எங்கே, எத்தனை மணிவரை என்று மூன்றையும் எழுதியதும் அந்தப் போன்கள் பெரும்பாலும் நின்றுவிட்டன. மிச்சத்தை பிளாக் செய்யுங்கள், விளக்கம் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள்.

உண்மையாக எழுதுவது என்றால் வீட்டு முகவரி, பிள்ளைகள் படிக்கிற பள்ளி எல்லாம் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. கூகுளில் தொழில் பக்கம் திறக்கும்போது, வாடிக்கையாளர் இடத்துக்குப் போய்ச் செய்கிற வேலை என்று குறித்தால் முகவரியை மறைத்து, வேலை செய்கிற பகுதியை மட்டும் காட்டலாம். அதையே செய்யுங்கள். ஆதார் நகலைப் பொதுவில் போடவே கூடாது. வேலை உறுதியானதும் அந்தக் குடும்பத்துக்கு நேரில் காட்டினால் போதும்.

படி 4: காசு

"300 ரூபாயிலிருந்து" என்று எழுதாதீர்கள். அந்த "லிருந்து"வில்தான் சண்டை இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில், பெரியவர் வீல்சேரில் உட்கார்ந்திருக்க, நீங்கள் அவர் பிள்ளையோடு போனில் கணக்குப் பேச வேண்டிவரும். என் கணக்கு: ஐந்து மணி நேரம் வரை 500, ஒன்பது மணி நேரம் வரை 900, அதற்கு மேல் மணிக்கு 100. ஆட்டோ, பஸ், மாத்திரை அவர்கள் செலவு, பில்லோடு. ஸ்கேனுக்குக் காத்திருக்கிற நேரமும் வேலை நேரம்தான். இந்த வரியைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். என் சாப்பாடு என் செலவு. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் தட்டுவடை செட் வாங்கித் தருகிற தாத்தாக்களை நான் தடுப்பதில்லை.

படி 5: ஏற்காடு

சேலத்துக்காரர்களுக்கு இது தனி வரியாக வேண்டும். பேரன் பேத்திகள் வந்தால் மலைக்குக் கிளம்புவார்கள், பெரியவருக்கு ஒரு ஆள் தேவைப்படும். அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு எட்டாவது வளைவிலேயே தலை சுற்றும். இதை எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். "ஏற்காடு வருவேன், முன் சீட் வேண்டும்" என்று போட்டேன். கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டே கூப்பிட்டார்: "எனக்கும் அப்படித்தான். நீங்கன்னா எலுமிச்சம்பழம் மறக்க மாட்டீங்க." மேலே போய் ஏரிக்கரையில் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். குடும்பம் படகில் சுற்றிக்கொண்டிருந்தது.

படி 6: மற்றவர்கள் சொல்வது

சித்தி பெண்ணை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். காசோ தள்ளுபடியோ கொடுத்து வாங்குவதும் கூகுள் விதிப்படி கூடாது. வேலை முடிந்ததும் "தோன்றியதை எழுதுங்கள்" என்று லிங்க் அனுப்புங்கள், அத்தோடு விடுங்கள். எனக்கு ஒருவர், "நல்லவர், ஆனால் போனில் அதிகம் பேசுகிறார்" என்று மூன்று நட்சத்திரம் போட்டார். உண்மைதான். "இனி குறைத்துக்கொள்கிறேன்" என்று பதில் போட்டேன். கட்டுப் போட்ட கண்ணோடு பெரியவர் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பது மட்டும் வேண்டாம், அவரே சரி என்றாலும்.

எல்லாம் சேர்த்து என்னுடையது இப்படி இருக்கிறது:

"வயது 44. சேலம் மாநகரத்துக்குள் 60 வயது தாண்டியவர்களுக்கு ஆஸ்பத்திரி, பேங்க், கோயில், விசேஷங்களுக்குத் துணைக்கு வருவேன். காலை 6 முதல் மாலை 7 வரை. நர்ஸ் இல்லை, ஊசி, டியூப் தெரியாது. தமிழ் நன்றாக, தெலுங்கு சமாளிப்பேன். ஏற்காடு வருவேன், முன் சீட் வேண்டும். ரேட் கீழே. படம் இந்த வருடம் எடுத்தது."

போடுவதற்கு முன் பக்கத்து வீட்டில் யாரிடமாவது படிக்கக் கொடுத்து, "இதைப் பார்த்தால் என்னிடம் என்ன கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் கேட்கிற கேள்விக்கான பதில் விளம்பரத்தில் விட்டுப்போயிருக்கும்.

நானும் ஒன்று விட்டுவிட்டேன். போன மாதம் கண்ணாடி போட்டேன். படம் மாற்ற வேண்டும்.