மேட்டூர் கணக்கைப் பார்த்துக் கடைமடையில் விதைப்பது எப்படி

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆறு கடலைத் தொடப்போகிற இடத்தில், பாசனத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் நிலம் வைத்திருப்பவன் நான். ஜூன் பிறந்தால் எங்கள் பக்கம் எல்லோரும் கேட்பது, "மேட்டூர் எத்தனை அடி?" புதிதாக விவசாயத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது: அடியை மட்டும் கேட்டுவிட்டு விதை வாங்கப் போகாதீர்கள்.

அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). 60 அடி என்றதும் பாதி அணை என்று தோன்றும். அடியில் குறுகி மேலே விரிகிற பள்ளத்தாக்கு அது. 60 அடியில் சுமார் 25 டிஎம்சிதான் இருக்கும். ஆகவே செய்தியில் வரும் நீர் இருப்பு, வரத்து, வெளியேற்றம் மூன்றையும் தினமும் குறித்து வையுங்கள். நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இது மனப்பாடமாக இருக்கட்டும். இருப்பு 40 டிஎம்சி என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கு 10 ஒதுக்கினால் மீதி 30. வரத்தே இல்லாமல் 12,000 கன அடி திறந்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது. ஜூனில் தொடங்கும் 110 நாள் குறுவை நெல்லுக்கு அது எந்த மூலைக்கு?

மீதித் தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்கு மழையிலிருந்து வரவேண்டும். கர்நாடகத்தில் உள்ள கபினி சின்ன அணை, சீக்கிரம் நிரம்பும். அங்கே உபரி திறந்துவிட்டார்கள் என்றால் கொஞ்சம் தெம்பு வரும். கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி, எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலு வழியாக வரத்து தொடர்ந்து ஏறினால்தான் நான் முழுசாக நம்புவேன்.

அடுத்து, உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் வழியை ஒரு தாளில் வரையுங்கள். மேட்டூரில் திறந்தது கல்லணைக்கு வர ஏறக்குறைய மூன்று நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாறு தென்பெரம்பூரில் பிரிந்து, நீடாமங்கலத்தில் பாமணியாறு, கோரையாறு என்று மறுபடி பிரிந்துதான் எங்களிடம் வருகிறது. ஆறு பிரியும் ஒவ்வொரு தலைப்பிலும் பங்கு போகும். முறை வைத்துத் திறக்கும் ஆண்டில் நம் முறை எப்போது என்று, மதகைத் திறந்து மூடும் பாசனப் பணியாளரான லஸ்கரிடம் நேரில் கேளுங்கள். டீக்கடைப் பேச்சை நம்ப வேண்டாம். தண்ணீர் வருவதற்கு முன்பே வாய்க்காலில் வெங்காயத்தாமரை அடைத்திருக்கிறதா என்று நடந்து பாருங்கள். அடைத்திருந்தால் கல்லணையில் எவ்வளவு திறந்தும் நமக்குப் பயன் இல்லை.

எங்கள் பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. நல்ல போர்வெல் இல்லாதவர்கள் குறுவையை விட்டுவிட்டு, அடுத்து வரும் நீண்ட நாள் நெல் பருவமான சம்பாவில் கவனம் வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் முடிவு. அதையும் நாற்றங்கால் விட்டு, சேறு கலக்கி நடவு செய்யத் தண்ணீர் நிறைய வேண்டும். அதற்குப் பதில், கோடை மழையில் உழுது போட்டுவிட்டு ஆவணியில் காய்ந்த மண்ணிலேயே புழுதி விதைப்பாக விதைத்தால், ஒரு மழை அல்லது ஒரு முறைத் தண்ணீரில் முளைத்துக்கொள்ளும். களைதான் தொல்லை; தொடக்கத்திலேயே அடக்க வேண்டும்.

ரகம் தேர்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆகஸ்டில் விதைக்க முடிந்தால் 155 நாளைத் தாண்டும் சி.ஆர். 1009 நெல் ரகத்தைப் போடலாம். வயல் பள்ளமாக இருந்தால் அதிலேயே வெள்ளத்தைத் தாங்கும் வகையான சப் 1 வாங்குங்கள், சுமார் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். செப்டம்பர் பாதி கடந்துவிட்டதா? நீண்ட கால ரகத்தை மறந்துவிட்டு 135 நாள் வயதுள்ளதற்கு மாறுங்கள். ஐப்பசி அடைமழை வரும்போது பயிர் தூர்கட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். குட்டையாக இருந்தால் தண்ணீருக்குள் போய்விடும்.

இதில் வடிகாலை யாரும் பேசுவதில்லை. கடைமடைக்காரனுக்கு வடிகாலும் பாசன வாய்க்கால் அளவுக்கு முக்கியம். கடல் மட்டம் ஏறியிருக்கும் நாட்களில் வெள்ளம் வடியாமல் நிற்கும். புரட்டாசிக்குள் உங்கள் வயலின் வடிகாலை வெட்டிவிடுங்கள், பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொண்டு.

சரி, சம்பா தேறிவிட்டது என்றால் உளுந்து இருக்கிறது. மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதன்பின் மண் ஈரமும் பனியும்தான் பயிருக்குத் துணை. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மண் மெழுகுப் பதத்தில், அதாவது தண்ணீர் தேங்காமல் ஈரமாக இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள் விதையைத் தூவிவிடுங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் தூவினால் விதை அழுகிப்போகும்.